விமானியின் மணித்தியாலமும் கொழுந்து நிறுவையும்



கடந்த தைப்பொங்கல் லீவுக்கு யாழ்ப்பாணம் மருதனார்மடத்துக்குப் போயிருந்தேன். நம்முடைய மேற்பிரிவு லயத்தில் பிறந்து வளர்ந்து, பிறகு வடக்கே போய், மருதனார்மடம் சந்தைக்குப் பக்கத்தில் மரக்கறிக் கடை நடத்துகிற ஒரு குடும்பம் அங்கே இருக்கிறது. அவர்கள் வீட்டிலேதான் தங்கினேன். பெயர் எழுதுவது முறையல்ல. பழைய ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

காலையில் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது, பலாலிப் பக்கத்திலிருந்து ஒரு விமானம் தாழப் பறந்து போனது. கடைக்காரர் அதை அண்ணாந்து பார்த்தபடியே சொன்னார்: "ஐயா, நம்ம மூத்தவனும் இனி அதுலதான். பைலட் படிப்புக்குச் சேர்த்து விடப் போறோம். லைசன் எடுத்திட்டா வேலை நிச்சயமாம். வெள்ளிக்கிழமை முதல் தவணை கட்டணும்."

எனக்கு மனம் நிறைந்துதான் போனது. லயத்துப் பிள்ளையின் மகன் விமானம் ஓட்டுவதென்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? ஆனால் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது நெஞ்சு திக்கென்றது. கடையை விற்பதாம். அம்மாவின் தாலிக்கொடி தவிர மற்ற நகை எல்லாம் அடகாம். அதுவும் போதாமல், நம்முடைய தோட்டத்தில் இன்னும் வேலை செய்கிற தாய்மாமன் ஓய்வு பெறும்போது வருகிற சேமலாப நிதிக் காசையும் கேட்டு வைத்திருந்தார்கள். மாமனும் சரி என்று சொல்லிவிட்டாராம்.

அவர்கள் கையில் இருந்த நோட்டீசில் மூன்றே மூன்று வரிதான் பெரிய எழுத்தில் இருந்தது. 200 மணித்தியாலம் பறப்பு. அனுமதிப்பத்திரம். வேலை. முதல் இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி நேர்வழி. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றைப் பற்றி நோட்டீசில் ஒரு சொல் இல்லை. இதே மாதிரி நோட்டீசு நம்முடைய தோட்டப் பக்கத்துப் பட்டணங்களுக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகையால் ஓய்வு பெற்ற விமானப் பொறியியலாளர் ஒருவரிடம் கேட்டும், விதிகளைப் படித்தும் நான் அறிந்துகொண்டதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

மணித்தியாலம் என்றால் என்ன?

நம்மிடம் ஒருவர் எத்தனை நாள் வேலை செய்தார் என்று கேட்டால் செக்ரோலைப் பார்த்தால் போதும். எத்தனை பேர், எத்தனை அரைப்பேர் என்று எல்லாம் அதில் இருக்கும். விமானிக்கும் அப்படி ஒரு புத்தகம் உண்டு. அதற்கு லொக் புத்தகம் என்று பெயர். எந்தத் தேதியில், எந்த விமானத்தில், எங்கிருந்து எங்கே, எவ்வளவு நேரம், தனியாகவா ஆசிரியரோடா, பகலா இரவா என்று ஒவ்வொரு பறப்பும் அதில் எழுதப்படும். பறப்பதற்காக விமானம் முதலில் நகரத் தொடங்கிய நிமிடத்திலிருந்து, பயணம் முடிந்து கடைசியாக நிற்கிற நிமிடம் வரை உள்ளது கணக்கு. வருடங்களை வைத்து விமானியின் அனுபவத்தைச் சொல்வதில்லை. "எத்தனை மணித்தியாலம்?" என்பதுதான் முதல் கேள்வி.

இந்தக் கணக்குக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான அடிப்படை ஒன்று உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அதை வகுத்திருக்கிறது. இலங்கையும் அதில் உறுப்பு நாடு. இங்கே அனுமதிப்பத்திரம் கொடுப்பது, 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. பயிற்சிப் பள்ளி பயிற்சி மட்டுமே கொடுக்கும். பள்ளிக்கூடம் பாடம் நடத்தினாலும் க.பொ.த. சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களம் கொடுப்பது போலத்தான் இதுவும்.

மூன்று படிகள்

முதல் படி, தனியார் விமானி அனுமதிப்பத்திரம். 17 வயது நிரம்ப வேண்டும். பொதுவாக 40 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு தன் விருப்பத்துக்குப் பறக்கலாம். ஒரு சதம் கூலி வாங்க முடியாது.

இரண்டாவது படி, வணிக விமானி அனுமதிப்பத்திரம். 18 வயது. பொது விதி 200 மணித்தியாலம். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஒரே தொடராகப் படித்தால் 150 போதும் என்று சலுகை உண்டு. இந்த 200க்குள்ளும் பிரிவுகள் இருக்கின்றன. 100 மணித்தியாலம் விமானத்துக்குத் தானே பொறுப்பாளியாக இருந்து ஓட்டியிருக்க வேண்டும். 540 கிலோமீற்றருக்குக் குறையாத ஒரு பயணம் போய், வழியில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி ஏறியிருக்க வேண்டும். நம்முடைய இலங்கையின் நீளமே 430 கிலோமீற்றர் அளவுதான் என்றால் அந்தப் பயணத்தின் தூரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கும், இரவில் ஓட்டுவதற்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. சம்பளத்துக்குப் பறக்கச் சட்டம் இடம் கொடுப்பது இந்தப் படியிலிருந்துதான்.

மூன்றாவது படி, விமானச் சேவை விமானி அனுமதிப்பத்திரம். 21 வயது. 1,500 மணித்தியாலம். இதில் 100 மணித்தியாலம் இரவுப் பறப்பு, 75 மணித்தியாலம் கருவிப் பறப்பு, 200 மணித்தியாலம் ஊர்விட்டு ஊர் போன பறப்பு இருக்க வேண்டும். பெரிய பயணிகள் விமானத்துக்குக் கப்டனாக இருக்க வேண்டுமானால் இது கட்டாயம்.

நோட்டீசு சொல்வது இரண்டாவது படியை. பையன் மனதில் நினைத்துக்கொண்டிருந்தது மூன்றாவது படியை.

நிறுவையில் என்ன பார்க்கிறார்கள்?

கொழுந்து நிறுக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தராசு 22 கிலோ காட்டினாலும் கணக்கில் 22 எழுதுவதில்லை. சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு. முற்றல் இலை கிடந்தால் கணக்கப்பிள்ளை கையை விட்டுக் கிளறிப் பார்ப்பார். இரண்டு இலையும் மொட்டுமாக இருக்கிற கூடைக்குத்தான் மதிப்பு.

விமானக் கம்பனி ஆள் எடுக்கும்போது செய்வதும் இந்த வேலையைத்தான். மொத்த மணித்தியாலம் என்பது தராசு காட்டுகிற கிலோ. அதற்குப் பிறகு கூடைக்குள் கையை விடுவார்கள். பெரும்பாலும் பார்ப்பவை இவை:

1. பொறுப்பாளியாக ஓட்டிய நேரம் எவ்வளவு? ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது பறந்ததும், முடிவை எல்லாம் தானே எடுத்துப் பறந்ததும் ஒன்றல்ல.

2. எந்த விமானம்? ஓர் எஞ்சின் உள்ள சிறிய பயிற்சி விமானத்தில் பறந்த 500 மணித்தியாலமும், இரண்டு எஞ்சின் விமானத்தில் பறந்த 500 மணித்தியாலமும் ஒரே எடை அல்ல. ஜெட் விமானத்தில் பறந்த நேரம் அதைவிடக் கனம்.

3. கம்பனி வைத்திருக்கிற அதே வகை விமானத்தில் எவ்வளவு? ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் வைத்திருப்பவை ஏ320 குடும்பத்து விமானங்களும் ஏ330 விமானங்களும். 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்தது ஏ.டி.ஆர். 72 வகை, அது உந்துசிறகு சுழல்கிற விமானம். ஒன்றை ஓட்டத் தெரிந்தவர் மற்றதை அப்படியே ஓட்ட முடியாது. ஒவ்வொரு வகைக்கும் தனிப் பயிற்சியும் தனித் தகுதியும் வேண்டும். அந்தத் தகுதியோடு வருகிறவரைக் கம்பனிக்குப் பிடிக்கும். ஏனென்றால் பயிற்சிச் செலவு மிச்சம்.

4. கடைசியாகப் பறந்தது எப்போது? ஐந்து வருடம் வீட்டில் இருந்தவரின் 1,000 மணித்தியாலம், போன மாதம் வரை பறந்தவரின் 600க்கு ஈடாகாமல் போகலாம். பயணிகளை ஏற்றிச் செல்கிற விமானி, அதற்கு முந்திய 90 நாளுக்குள் மூன்று தரமாவது ஏற்றி இறக்கிப் பார்த்திருக்க வேண்டும் என்பது சர்வதேச நியமம். நாள்பட வைத்த கத்தி துருப்பிடிப்பது போலத்தான், கையும்.

5. பரீட்சைகளில் எத்தனை தரம் தவறினார்? தவறியதை ஒளிக்காமல் சொன்னாரா?

6. இவை எல்லாம் சரியாக இருந்தாலும், பாவனை விமானத்தில், அதாவது தரையிலேயே விமானத்தைப் போல அசைகிற யந்திர அறையில், உட்கார வைத்துப் பார்ப்பார்கள். எஞ்சின் ஒன்று நின்றது போலச் செய்து கை நடுங்குகிறதா, பக்கத்தில் இருப்பவரோடு பேசி வேலை செய்கிறாரா என்று கவனிப்பார்கள். ஆங்கிலம் தடையில்லாமல் வர வேண்டும். 2008ஆம் ஆண்டிலிருந்து சர்வதேசப் பறப்புக்கு ஆங்கிலத் தேர்ச்சிக்கு ஓர் அளவே வைத்திருக்கிறார்கள். ஆறு தரத்தில் நான்காம் தரமாவது இருக்க வேண்டும்.

எண்ணிக்கையும் உண்மையும்

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு மாத இடைவெளிக்குள், அமெரிக்காவில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. அனுபவத்தை எப்படி நிறுப்பது என்பதற்கு இவற்றைவிட நல்ல பாடம் இல்லை.

ஜனவரி 15ஆம் திகதி, நியூயோர்க்கில் எழும்பிய ஏ320 விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் பறவைக் கூட்டத்தில் மோதிச் செயலிழந்தன. கப்டன் அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். அந்தக் கப்டனுக்கு 19,000 மணித்தியாலத்துக்கு மேல் அனுபவம். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கும் 15,000க்கு மேல். ஆனால் அந்த ஏ320 வகையில் துணை விமானி அதுவரை பறந்திருந்தது வெறும் 37 மணித்தியாலம். வகை புதிது. ஆனால் அவருக்குப் பறப்பு பழையது. பல வருடமாக ஊறிய அனுபவம் அந்த மூன்று நான்கு நிமிடத்தில் கை கொடுத்தது.

பெப்ரவரி 12ஆம் திகதி, அதே நாட்டில் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் கொல்கன் எயார் என்ற சிறிய கம்பனியின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானம் வேகம் குறைந்து தடுமாறியபோது கப்டன் செய்ய வேண்டியதற்கு நேர்மாறாகச் செய்துவிட்டார் என்று விசாரணையில் தெரிந்தது. கப்டனுக்கு 3,300 மணித்தியாலத்துக்கு மேல், துணை விமானிக்கு 2,200க்கு மேல். எண்ணிக்கையில் குறை இல்லை. ஆனால் கப்டன் பரீட்சைகளில் பல தடவை தவறியவர். வேலைக்கு எழுதிப் போட்டபோது அவற்றில் சிலவற்றைச் சொல்லாமல் விட்டிருந்தார். கம்பனியும் தேடிப் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகு அமெரிக்கா 2010இல் சட்டம் போட்டு, 2013ஆம் ஆண்டிலிருந்து துணை விமானிக்கும் 1,500 மணித்தியாலம் வேண்டும் என்று ஆக்கியது. முன்பு 250 இருந்தால் போதுமாக இருந்தது. படைத்துறையில் பறந்தவர்களுக்கு 750, விமானவியல் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 என்று சலுகை உண்டு. விழுந்த விமானத்தின் இரண்டு விமானிகளுக்குமே 1,500க்கு மேல் இருந்ததே, பிறகு இந்தச் சட்டம் எதற்கு என்று அங்கே இன்றைக்கும் வாதாடுகிறார்கள். வாதம் எப்படியும் போகட்டும். விமானிகளின் பழைய பதிவுகளைக் கம்பனி கட்டாயம் வாங்கிப் பார்க்க வேண்டும் என்பதும் அந்த விபத்துக்குப் பிறகு இறுக்கப்பட்டது.

மற்ற நாடுகள் வேறு வழியில் போகின்றன. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் 200 மணித்தியால அளவில் உள்ள இளைஞர்களையே பல கம்பனிகள் துணை விமானியாக எடுக்கின்றன. ஆனால் தெருவில் போகிறவரை எடுப்பதில்லை. முதலில் இருந்தே கடுமையாகப் பொறுக்கி, தங்கள் முறையில் பழக்கி எடுக்கிறார்கள். 2006ஆம் ஆண்டில் சர்வதேச அமைப்பே இதற்கென்று ஒரு தனி அனுமதிப்பத்திரத்தைக் கொண்டுவந்தது. அதில் 240 மணித்தியாலப் பயிற்சி. அதில் பெரும்பகுதி பாவனை விமானத்தில். ஆக, ஒரு பக்கம் "நிறையப் பறந்துவிட்டு வா" என்கிறார்கள். மறுபக்கம் "நாங்களே பழக்குகிறோம், ஆனால் நாங்கள்தான் ஆளைத் தெரிவோம்" என்கிறார்கள். இந்த இரண்டு கதவுக்கும் வெளியே, கையில் 200 மணித்தியாலத்தோடு தனியாக நிற்கிற பிள்ளைதான் பாவம்.

பொய்ப் பேர் போட்டால்

செக்ரோலில் வராத ஆளுக்குப் பேர் போட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். விமானத் தொழிலிலும் இந்த நோய் உண்டு. 2011ஆம் ஆண்டு இந்தியாவில் ஒரு விமானம் கோவாவில் முன்சக்கரம் முதலில் தரையில் முட்ட இறங்கியதை விசாரிக்கப் போய், கள்ளப் பரீட்சைப் புள்ளிகள் கொடுத்து உயர்ந்த அனுமதிப்பத்திரம் எடுத்தவர்கள் சிலர் பிடிபட்டார்கள். இராஜஸ்தானில் பறக்காத மணித்தியாலத்தைப் பறந்ததாக லொக் புத்தகத்தில் எழுதிக் கொடுத்ததும் அப்போது வெளியே வந்தது. அனுமதிப்பத்திரங்கள் பறிக்கப்பட்டு, பொலிஸ் கைதும் நடந்தது.

"காசைக் கட்டுங்கள், மணித்தியாலத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பொய்யாக எழுதிய ஒரு மணித்தியாலம், உண்மையாகப் பறந்த 199ஐயும் சந்தேகத்துக்குள் தள்ளிவிடும். அதைவிடப் பெரிய காரியம், பின்னால் உட்கார்ந்திருக்கிற 70 பேரின் உயிர்.

200க்கும் வேலைக்கும் நடுவில்

இனி நான் சொன்ன ஆற்றுக்கு வருவோம். 200 மணித்தியாலம் முடித்த பிள்ளை அடுத்த மணித்தியாலங்களை எப்படிச் சேர்க்கும்? அமெரிக்கா போன்ற பெரிய நாட்டில் பெரும்பாலோர் அதே பள்ளியில் பறப்பு ஆசிரியராகச் சேர்கிறார்கள். மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற நேரமும் ஆசிரியரின் கணக்கில் ஏறும். வேறு சிலர் சிறிய விமானத்தில் சாமான் ஏற்றுவது, வயலுக்கு மருந்து அடிப்பது, சுற்றுலாக்காரரைக் கொண்டு போவது என்று சேர்க்கிறார்கள். நம்முடைய நாடு சிறியது. இரத்மலானையில் பயிற்சிப் பள்ளிகள் இருந்தாலும், சிறிய விமானத்தில் சம்பளத்துக்குப் பறக்கிற வேலை இங்கே விரல் விட்டு எண்ணக்கூடியது. காசு கட்டித்தான் மேலும் பறக்க வேண்டும் என்றால் அது முடிவில்லாத செலவு.

காலமும் ஒன்று போல இருக்காது. 2020இல் கொரோனா வந்தபோது உலகம் முழுவதும் விமானங்கள் தரையில் நின்றன. பல்லாயிரம் மணித்தியாலம் உள்ள கப்டன்மாரே வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள். அந்த நேரம் 200 மணித்தியாலப் பிள்ளையை யார் கூப்பிடுவார்? பிறகு 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், நம் நாட்டு விமானிகள் பலர் கூடிய சம்பளத்துக்கு வெளிநாட்டுக் கம்பனிகளுக்குப் போக, இங்கே விமானிகள் போதாமல் பயணங்கள் தாமதமாயின. கொழுந்து குவிகிற மாதம் யாரையும் கூப்பிடுவார்கள், வரட்சி மாதம் இருக்கிறவருக்கே வேலை இருக்காது. அது போலத்தான். படிப்புத் தொடங்குகிற நாளில் இருக்கிற நிலைமை, முடிகிற நாளில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

செலவையும் நம் கணக்கில் பார்ப்போம். வணிக விமானி அனுமதிப்பத்திரம் வரைக்கும் இன்று கோடி ரூபா என்ற அளவில் பேசுகிறார்கள். ஒரு கோடி என்றே வைத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டில் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாப்படி, மாதம் 25 பேர் வீதம் போட்டால், ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஏறக்குறைய 25 வருடம். ஒருவருடைய முழு வேலைக் காலம் அது. அதைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடத்தில் கேள்வி கேட்பதற்கு நாம் வெட்கப்படக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

மருதனார்மடத்தில் அன்று மாலை, கடைக்காரரை அந்தப் பள்ளிக்கு என் முன்னாலேயே போன் எடுக்க வைத்தேன். கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டார். நீங்களும் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அ. உங்கள் பள்ளி எந்த அதிகாரசபையின் அங்கீகாரம் பெற்றது? அதன் இலக்கம் என்ன? (சொன்ன இலக்கத்தை அதிகாரசபையிடமே கேட்டுச் சரி பார்க்க வேண்டும்.)

ஆ. கட்டுகிற காசுக்குள் எத்தனை மணித்தியாலம் அடக்கம்? இரண்டு எஞ்சின் பயிற்சி, கருவிப் பறப்புத் தகுதி, பரீட்சைக் கட்டணம் எல்லாம் அதற்குள்ளா, வெளியேயா?

இ. போன இரண்டு வருடத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் விமானக் கம்பனியில் பறப்பவர்கள் எத்தனை பேர்? ஒருவரோடு பேச முடியுமா?

ஈ. முடித்த பிறகு மணித்தியாலம் சேர்க்க இங்கே வழி உண்டா?

உ. வேலை நிச்சயம் என்பதை எழுத்தில் தருவீர்களா?

ஊ. இடையில் நிறுத்தினால் மிச்சக் காசு திரும்பி வருமா?

வந்த பதில்கள் இப்படி. இரண்டு எஞ்சின் பயிற்சியும் கருவிப் பறப்பும் தனிக் கட்டணம். முடித்தவர்களின் கணக்கு "கையில் இல்லை". கடைசியில் வேலையைப் பற்றிக் கேட்டபோது, "நாங்கள் வழி காட்டுவோம், எடுப்பது கம்பனியின் விருப்பம்" என்று சொன்னார்கள். அந்தப் பதில் உண்மையானதுதான். அந்த உண்மையைத்தான் நோட்டீசில் காணவில்லை. கடைக்காரர் போனை வைத்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "மச்சானுக்கு என்ன சொல்லுறது ஐயா?" என்று கேட்டார். "அவர் காசு அவருக்கே இருக்கட்டும் என்று சொல்லுங்க" என்றேன்.

"கடேற்" என்ற சொல்லிலும் கவனமாக இருங்கள். விமானக் கம்பனி தானே ஆளைத் தெரிந்து, தன் செலவில் படிப்பித்து, இத்தனை வருடம் எங்களிடம் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதுவது ஒரு வகை. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் இப்படிச் செய்கிறது. கம்பனி ஆளைத் தெரிந்தாலும் படிப்புச் செலவு முழுவதையும் பிள்ளையே கட்டுவது இன்னொரு வகை. இந்தியாவில் இண்டிகோ கம்பனியின் திட்டம் அந்த மாதிரி. இரண்டுக்கும் பெயர் ஒன்று. காசு போகிற பக்கம் வேறு.

அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு வழி இல்லையா?

இருக்கிறது. இந்தக் கட்டுரை பிள்ளையின் ஆசையில் தண்ணீர் ஊற்றுவதற்காக எழுதியது அல்ல. 1947ஆம் ஆண்டு டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தபோது, விமானி வேலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரம். இன்று அப்படி அல்ல. ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் வைத்தியப் பரிசோதனை. விமானிக்கு முதலாம் வகுப்பு வைத்தியச் சான்றிதழ் வேண்டும். அதை வழமையாக வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கண், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டவர் அளவுக்குள் இருந்தால் தடை இல்லை. ஆனால் நிறம் பிரித்தறிய முடியாதவருக்குச் சிக்கல். கோடி ரூபா கட்டிய பிறகு இதை அறிந்து அழுவதைவிட, முதலில் இந்தச் செலவை மட்டும் செய்து பார்த்துவிடலாம்.

இரண்டாவது, க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் கணிதம், பௌதிகவியல், ஆங்கிலம். இதற்குப் பெரிய காசு தேவையில்லை. கம்பனியின் தெரிவில் இவை கடைசி வரை கூட வரும்.

மூன்றாவது, படி படியாகக் கட்டுதல். 40 மணித்தியாலப் படியை முதலில் முடித்து, பிள்ளைக்கு அது ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். முழுக் காசையும் ஒரே தரத்தில் கேட்கிற இடத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

நான்காவது, ஓய்வுக்கால நிதியிலும் குடியிருக்கிற வீட்டிலும் கை வைக்க வேண்டாம். பிள்ளை வேலைக்குப் போவது தாமதமானால் கிழட்டு வயதில் மறுபடி மலை ஏற முடியாது.

மருதனார்மடத்துப் பையன் அந்த வெள்ளிக்கிழமை காசு கட்டவில்லை. கட்ட விடவில்லை என்று சொல்வதே சரி. என் மேல் அவனுக்குக் கோபம். நான் பஸ் ஏறும்போது வெளியே வந்து முகம் காட்டவில்லை. அவன் வயதில் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். பின்னால் தகப்பனார் போன் எடுத்துச் சொன்னார்: வைத்தியப் பரிசோதனையில் நிறச் சோதனை உட்பட எல்லாவற்றிலும் தேறிவிட்டானாம். ஆங்கில வகுப்புக்குப் போகிறானாம். காலையில் சந்தைக் கடையில் நின்று தானே உழைத்து முதல் படிக்குச் சேர்க்கிறானாம். கடை விற்கவில்லை. மாமனின் காசு மாமனிடமே இருக்கிறது.

எந்த வெளிநாட்டுப் படிப்புக்கோ, பைலட் படிப்புக்கோ, கப்பல் வேலைக்கோ காசு கட்டப் போகிறவர்கள், கையெழுத்து வைப்பதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். பிரட்டு முடிந்த பிறகு எந்த நாளும் வரலாம். சேர்ந்து படித்துப் பார்ப்போம். நிறுவையில் ஒரு கிலோ குறைந்தால் கேட்கிற நாம், பிள்ளையின் வாழ்க்கையை நிறுக்கிற இடத்திலும் வாயைத் திறந்து கேட்போம்.